விதி செய்வோர் கவனத்திற்கு

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்



தெருவில் கிரிக்கெட் ஆடாதவர் நம்மில் எத்தனை பேர்? லார்ட்ஸ் மைதானத்தில் இல்லாத சட்டமெல்லாம் நம் தெருவில் உண்டு. ஒரு பிட்ச் விழுந்து பிடித்தாலும் அவுட். எதிர்வீட்டு காம்பவுண்டுக்குள் நேராக விழுந்தால் அவுட், போய்த் திட்டு வாங்கிப் பந்தை எடுத்து வருவதும் அடித்தவன் பொறுப்பு. தெரு சின்னது, பந்து ஒன்றுதான், அந்த வீட்டுப் பெரியவருக்குக் கோபம் அதிகம். அதனால் பிறந்தவை அந்த விதிகள். புத்தகத்தில் இல்லாமல் ஆடுகிறவர்களே போட்டுக்கொள்ளும் இப்படிப்பட்ட விதிக்கு ஆங்கிலத்தில் 'ஹவுஸ் ரூல்' என்று பெயர். நான் 'வீட்டு விதி' என்றே எழுதுகிறேன்.

தலைப்பைப் பார்த்துவிட்டு, இவன் சோதிடம் எழுதப் போகிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விடுதியில் எங்கள் அறையில் ஒன்றரை வருடமாக நடக்கும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கு வீட்டு விதி போடப்போய், ஒரே அறையில் இருந்த இரண்டு நண்பர்களை மூன்று வாரம் பேசாமல் இருக்க வைத்தவன் நான். அந்தத் தப்பு எங்கே நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆட்டம் தெரியாதவர்களுக்கு. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் வாள் பிடிக்கும் வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன். ஆட்டத்தை நடத்துபவருக்கு டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். என்று பெயர். 'குகை வாசலில் ஓகர் என்ற அரக்கன் நிற்கிறான், என்ன செய்யறீங்க?' என்று அவர் கேட்பார். 'வெட்டறேன்' என்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறமையைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். அடி விழுந்தால் உயிர்ப்புள்ளி குறையும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பேச்சு, கற்பனை, கொஞ்சம் கத்தல்.

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிறிய ஊரிலிருந்து இது வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன். ஒரு பெட்டிக்குள் மூன்று மெல்லிய புத்தகங்கள், முதல் அச்சில் 1000 பிரதிகள். அந்தப் புத்தகங்களில் ஓட்டைகள் ஏராளம். சண்டைக்கு 1971-ல் வந்த 'செயின்மெயில்' என்ற வேறொரு போர் விளையாட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். 'அது வேண்டாம் என்றால் இப்படியும் ஆடலாம்' என்று மாற்று வழியாகக் கொடுத்ததுதான் இருபது முகப் பகடை முறை. மாற்று வழி நின்றது, மூல வழியை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்!

ஆக, இந்த ஆட்டம் பிறந்ததே வீட்டு விதிகளில்தான். ஆர்னிசன் மினசோட்டாவில் தன் நண்பர்களோடு ஆடியபோது, ஒரே அடியில் பாத்திரம் செத்துப்போவதை யாரும் விரும்பவில்லையாம். அவர் தன்னுடைய கப்பற்போர் விளையாட்டில் கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகும் முறையை எடுத்து மனிதப் பாத்திரத்துக்கு மாட்டினார். அதுதான் உயிர்ப்புள்ளி என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1974 புத்தகத்தில் கத்தியானாலும் பெரிய வாளானாலும் ஒரே ஆறு முகப் பகடை அளவு சேதம்தான். ஆயுதத்துக்கு ஏற்றபடி சேதம் மாறுவது 1975-ல் வந்த 'கிரேஹாக்' துணைப்புத்தகத்தில். கலிபோர்னியாவில் ஸ்டீவ் பெரின் என்பவர் எழுதிய வீட்டு விதிகள் 1976-ல் கையெழுத்துப் பிரதி போலக் கைமாறின. அவர் 1978-ல் 'ரூன்க்வெஸ்ட்' என்று தனி ஆட்டமே கொண்டுவந்தார். நம் காலத்திலும் உண்டு. மருந்துக் குப்பியைக் குடிக்க அந்த முறையின் முக்கியச் செயலே செலவாகும் என்பது 2014 புத்தக விதி. பல மேசைகளில் 'அட, குடிச்சிட்டே ஒரு வெட்டு வெட்டிக்கடா' என்று தளர்த்தி ஆடினார்கள். 2024 புத்தகத்தில் அந்தத் தளர்வே சட்டமாகிவிட்டது.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்துவிட்டார்கள். காசில்லாத விடுதி மாணவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பகடைதான் இல்லை. லூடோ பெட்டியிலிருந்து ஆறு முகப் பகடை எடுத்துக்கொண்டோம். இருபது முகத்துக்கு, 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்று எடுப்போம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

ஐந்து பேர். நான் டி.எம். வீரன் எலக்ட்ரிகல்காரன். மந்திரவாதி சிவில்காரன். இருவரும் ஒரே ஊர், ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தவர்கள். ஐ.டி.ஐ. முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த அண்ணன் ஒருவர். எலக்ட்ரானிக்ஸ் தம்பி ஒருவன்.

புத்தகப்படி 1 விழுந்தால் அடி தவறும், வேறொன்றுமில்லை. எனக்கு அது சப்பென்று இருந்தது. '1 விழுந்தா ஏதாவது நடக்கணும்டா' என்று ஒரு பட்டியல் போட்டேன். 1 விழுந்தவன் லூடோ பகடையை உருட்ட வேண்டும். 1, 2 என்றால் ஆயுதம் நழுவும். 3, 4 என்றால் வழுக்கி விழுவான். 5 என்றால் ஆயுதம் உடையும். 6 என்றால் அடி பக்கத்தில் நிற்கும் நண்பன் மேல் விழும். முதல் இரவு வீரன் வழுக்கிச் சேற்றில் விழுந்தபோது பக்கத்து அறைக்காரன் வந்து கதவைத் தட்டும் அளவுக்குச் சிரித்தோம். சூப்பர் ரூல் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து எல்லோரும் ஐந்தாம் லெவலுக்கு வந்தார்கள். ஐந்தாம் லெவல் வீரனுக்கு ஒரு முறைக்கு இரண்டு வெட்டு கிடைக்கும். அன்று ஓகர் சண்டை. மந்திரவாதியிடம் 8 உயிர்ப்புள்ளிதான் மிச்சம். வீரன் முதல் வெட்டில் ஓகரைப் பதம் பார்த்தான். இரண்டாவது வெட்டுக்கு டப்பாவைக் குலுக்கி எடுத்தான். 1. லூடோ பகடை: 6. பக்கத்தில் நின்றது மந்திரவாதி. வாள் சேதம் 11. மந்திரவாதி சாய்ந்தான். ஓகர், விழுந்து கிடந்தவனை மிதித்தது. புத்தகப்படி விழுந்தவனை நெருங்கி அடித்தால் சாவை நோக்கி இரண்டு தோல்வி. மூன்று தோல்வி என்றால் கதை முடிந்தது. சிவில்காரன் டப்பாவில் கை விட்டு எடுத்த சீட்டு 4. பத்துக்குக் கீழே. மூன்றாவது தோல்வி.

யாரும் சிரிக்கவில்லை. 'நீ ஏன்டா அவன் பக்கத்துல போய் நின்ன?' என்று சிவில்காரன் கேட்டான். 'சீட்டு விழுந்தா நான் என்னடா பண்றது?' என்றான் மற்றவன். பேச்சு வளர்ந்து, மெஸ் பில் பாக்கி வரைக்கும் போய்விட்டது. மறுநாள் முதல் இருவரும் பேசவில்லை. ஒரே அறையில் இரண்டு கட்டிலுக்கும் இடையே மூன்றடி இடைவெளி. 'அவன்கிட்ட அந்த பக்கெட்டைக் கேளு' என்று என் மூலம் பேசிக்கொண்டார்கள்.

நான் முதலில் 'விளையாட்டுன்னா அப்படித்தான், அதிர்ஷ்டம்' என்றே சொல்லித் திரிந்தேன். ஒருநாள் டிராயிங் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு தாளில் கணக்குப் போட்டேன். முதல் லெவலில் வீரனுக்கு ஒரு முறைக்கு ஒரு வெட்டு, 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம். ஐந்தாம் லெவலில் இரண்டு வெட்டு, 10 சதவீதம். இருபதாம் லெவலில் நான்கு வெட்டு, 20 சதவீதம். அதாவது அரைகுறையாகக் கற்றவன் இருபது முறைக்கு ஒரு தடவை தடுக்கி விழுவான். உலகத்திலேயே பெரிய வீரன் ஐந்து முறைக்கு ஒரு தடவை விழுவான்! பழகப் பழகக் கை நடுங்கும் டர்னரை எந்த ஒர்க்‌ஷாப்பிலாவது பார்த்திருக்கிறோமா?

இன்னொரு கொடுமை. ஐந்தாம் லெவல் மந்திரவாதி தீக்கோள மந்திரம் வீசினால் அவன் சீட்டே எடுப்பதில்லை. தப்பிக்க முடியுமா என்று எதிரிதான் எடுக்க வேண்டும். எனவே அந்த மந்திரத்தில் அவனுக்கு 1 விழவே விழாது. என் விதி வீரனை மட்டுமே தண்டிக்கும் விதி. எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த கணக்குதான் என்னைத் தூங்க விடவில்லை. எங்கள் ஆட்டத்தில் ஒரு இரவுக்கு மூன்று சண்டை, சண்டைக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு வெட்டு. ஆக 24 சீட்டு. நண்பனை வெட்டும் வாய்ப்பு ஒவ்வொரு சீட்டுக்கும் இருபதில் ஒன்று, அதில் ஆறில் ஒன்று, ஆக 120-ல் ஒன்று. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. பத்து இரவில் 240 சீட்டு. சராசரியாக இரண்டு தடவை அவன் நண்பனை வெட்டியே தீருவான். ஒரு தடவைகூட நடக்காமல் தப்பிக்கும் வாய்ப்பு 13 சதவீதம்தான். நான் அதிர்ஷ்டம் என்று சொன்னது அதிர்ஷ்டமே இல்லை. நானே டிசைன் பண்ணி, நானே மாட்டி விட்ட விபத்து.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். வீட்டு விதியை ஒரு சீட்டுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கக் கூடாது. மொத்தத் தொடருக்கும் எத்தனை சீட்டு, அதில் யார் எத்தனை எடுப்பார்கள் என்று பார்க்க வேண்டும். 20 விழுந்தால் மூன்று மடங்கு சேதம் என்று விதி போட ஆசைப்படாத டி.எம். கிடையாது. 'எதிரிக்கும் அதே விதிதானே, நியாயம்தானே' என்பார்கள். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு ஓகர் வாழ்வதே ஒரு சண்டைதான், அதன்மேல் ஐந்தாறு வெட்டு விழுந்தால் கதை முடிந்தது. நம் பாத்திரமோ முப்பது, நாற்பது சண்டை பார்க்கும். சண்டைக்கு ஐந்து அடி என்றாலும் 40 சண்டையில் அவன்மேல் 200 சீட்டு, அதில் பத்து 20-கள். மூன்று மடங்கு அடி பத்து முறை! எதிரியை ஆசையாகக் கொல்ல நாம் போட்ட விதி கடைசியில் நம்மையே தேடி வரும். 1979-ல் வந்த டி.எம். கையேட்டில் கைகாக்ஸ் இதே காரணத்துக்காகத்தான் இந்த வகை விதியை எதிர்த்தார். அவர் சொல்லியும் மேசைகளில் அது போகவில்லை. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அதைச் சேர்த்துக்கொண்டு, இரண்டாவது முறை உருட்டி உறுதி செய்ய வேண்டும் என்று கடிவாளம் போட்டது. 2014 பதிப்பு, பகடைச் சேதத்தை மட்டும் இரட்டிப்பாக்கி நிறுத்திக்கொண்டது. இருபது வருடத்துக்கு மேல் யோசித்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்தை நாம் ஒரே இரவில் கலைத்துவிடுகிறோம்.

ஒரு விதி இன்னொரு விதியைத் தின்னும் என்பதையும் பார்க்க வேண்டும். ஷாஃப்டைக் கொஞ்சம் குறைத்தால் பேரிங் ஆடும், பேரிங் ஆடினால் புல்லி ஆடும் என்பது நமக்குப் பாடம். எதிரியை இரண்டு பக்கமும் சூழ்ந்து நின்றால் இரண்டு சீட்டு எடுத்துப் பெரியதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விருப்ப விதி 2014 கையேட்டிலேயே இருக்கிறது. 11 தேவைப்படும் இடத்தில் ஒரு சீட்டுக்கு வாய்ப்பு 50 சதவீதம், இரண்டு சீட்டுக்கு 75. நாங்கள் அதைச் சேர்த்தோம். ஒரே வாரத்தில் எல்லோரும் எதிரியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். அண்ணன் ஆடியது வெறிகொண்டு பாயும் போராளி. தன்மேல் அடி எளிதாக விழும் என்ற விலை கொடுத்து இரண்டு சீட்டு எடுப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் தனிச்சிறப்பே. அவர் விலை கொடுத்து வாங்குவதை மற்றவர்களுக்கு நான் இலவசமாகக் கொடுத்துவிட்டேன். 'தம்பி, அப்ப நான் எதுக்கு இங்க?' என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பில் வருத்தம் இருந்தது. இரண்டு சீட்டுக்குப் பதில் எண்ணோடு 2 கூட்டிக்கொள்வது என்று மாற்றினோம். 50 சதவீதம் 60 ஆகும், அண்ணனின் சிறப்பும் தப்பும்.

விதியே தேவையில்லாத இடத்தில் விதி போட்டதும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் தம்பி தன் முறை வந்தால் ரொம்ப நேரம் எடுப்பான். எல்லோருக்கும் எரிச்சல். பத்து எண்ணுவதற்குள் சொல்லாவிட்டால் முறை போச்சு என்று விதி போட்டேன். ஆட்டம் வேகமானது. அந்தப் பையன் இரண்டு இரவில் நான்கு முறை இழந்தான். மூன்றாவது இரவு 'தலைவலிண்ணே' என்று வரவில்லை. அண்ணன்தான் போய் விசாரித்தார். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். போனில் ஆங்கிலத்தில் இருக்கும் மந்திர விவரத்தை அவன் மனதுக்குள் வரி வரியாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல வெட்கம். நாங்கள் அவன் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவனுடைய மந்திரங்களைத் தமிழில் அட்டைகளில் எழுதிக் கொடுத்தோம். இப்போது எல்லோருக்கும் முன்னால் அவன்தான் பதில் சொல்கிறான். பத்து எண்ணும் விதியைக் கதவின் பின்னால் ஒட்டியிருந்த தாளிலிருந்து நானே கிழித்தேன்.

ஒரு இடைச்செருகல். ஒருநாள் எடுத்த சீட்டுகளைத் திரும்பப் போட மறந்தே ஆடிவிட்டோம். சுவாரசியமாக இருந்தது! பகடையில் இருபது முறை உருட்டியும் ஒரு 20 கூட விழாமல் போகும் வாய்ப்பு 36 சதவீதம். சீட்டைத் திரும்பப் போடாவிட்டால் இருபதுக்குள் ஒரு 20 கட்டாயம் வரும், ஒரு 1-ம் கட்டாயம் வரும். அதிர்ஷ்டமில்லாதவன் என்று யாரும் இல்லை. ஆனால் டப்பாவில் என்ன மிச்சம் என்று எண்ணத் தொடங்கினால் ஆட்டம் ரம்மி ஆகிவிடும். கடைசி மூன்று சீட்டில் 1 இருப்பது தெரிந்தால் எவன் வெட்டப் போவான்? அதனால் விட்டுவிட்டோம். வேறு யாராவது முயன்று பார்க்கலாம்.

சரி, கணக்குப் போட்ட தாளை என்ன செய்தேன்? இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பேசத் தைரியம் இல்லை. அறைச் சுவரில் ஒட்டிவிட்டு, கீழே 'தப்பு என்னுடையது' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் 20 சதவீதத்தை யாரோ சிவப்பு மையில் அடித்து 18.55 என்று திருத்தியிருந்தார்கள். 5-ஐ நான்கு தடவை கூட்டக்கூடாது, 0.95-ஐ நான்கு தடவை பெருக்கி 1-லிருந்து கழிக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு. சிவில்காரன் கையெழுத்து. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், 'அப்ப ரெண்டு வெட்டுக்கு 9.75 தானடா?' என்று இருந்தது. மூன்று வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான், அதுவும் என் கணக்கில் தப்பு கண்டுபிடித்து.

அன்று இரவு ஐந்து பேரும் உட்கார்ந்தோம். புது விதி இது: ஒரு முறையில் முதல் வெட்டுக்கு 1 விழுந்தால் மட்டுமே விளைவு. எத்தனை வெட்டு இருந்தாலும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டாது. விளைவும் நண்பன் மேல் போகாது. ஓரடி சறுக்கி நிற்க வேண்டும், எங்கே சறுக்கினான் என்பதை ஆடுபவனே சொல்லலாம். மந்திரத்துக்கும் இதேபோல, தப்பிக்கும் எதிரிக்கு 20 விழுந்தால் மந்திரவாதி சறுக்குவான். எந்தப் புது விதியும் மூன்று இரவுக்குத்தான் செல்லும், நான்காவது இரவு கை தூக்கினால்தான் தொடரும் என்று தாளின் மேலே பெரிதாக எழுதினோம். சேர்க்கும் முன் நூறு சீட்டு எடுத்து ஒத்திகை பார்ப்பது என்றும் முடிவு. பழைய லேப் ரெக்கார்டின் பின்பக்கங்கள் இப்போது அதற்குத்தான். நூறு சீட்டு எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

அப்புறம் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. விதியே தப்பு என்றால், அந்த விதியால் செத்த மந்திரவாதியைத் திரும்பக் கொண்டுவரலாமா? எலக்ட்ரிகல்காரன்தான் முதலில் கை தூக்கினான். அண்ணன் தூக்கினார். தம்பி தூக்கினான். நான் தூக்குவதற்குள் சிவில்காரன், 'வேணாம்டா. செத்தது செத்ததுதான். நான் திருடனா வர்றேன்' என்றான்.

பாத்திரத் தாளை நிரப்பிக்கொண்டே, 'ஆனா நான் இவன் பக்கத்துல நிக்க மாட்டேன்' என்றான். எலக்ட்ரிகல்காரன் டப்பாவை அவன் பக்கம் தள்ளினான்.